பால்பண்ணை முக்கில் இரண்டு நான்

மே 8, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. பயாலஜியில் நூற்றுக்கு நூறு! நூறு! நூறு! மூன்று தடவை எழுதிவிட்டேன், இன்னும் ஆசை அடங்கவில்லை.

அப்பாவின் ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். வெப்சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா ஒரு காதுகுத்து பேனரின் ஓரத்தில் கயிறு கட்டும் ரிங் அடித்துக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் சுத்தியலைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். மெஷின் மேல் படுத்திருந்த பூனை எகிறிக் குதித்து, ஈரம் காயாத காதுகுத்துக் குழந்தையின் முகத்தில் நாலு கால் தடத்தையும் பதித்துவிட்டு ஓடியது. மறுபடி அடிக்கவேண்டும். அப்பா விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. போனில் சொன்னதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சாப்பிட்டியா?" என்றாள். ஸ்டாஃப் நர்ஸ் பஞ்சவர்ணத்துக்கு அதற்கு மேல் சந்தோஷப்படத் தெரியாது.

அம்மாவின் தம்பி முத்துக்காளை மாமாவும் கூப்பிட்டார். வாழைத்தார் லோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். என் மார்க்கைக் கேட்டதும் ஹாரனை அடித்தே கொண்டாடினார். அவர் மகள் தர்ஷிகாவும் என்னோடுதான் பிளஸ் டூ எழுதினாள். வீட்டுக்குப் போட்டேன், எடுத்தாள். அவளும் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள், சிக்னல் சரியில்லை. அதற்குள் வேறு நம்பரிலிருந்து போன் வந்தது, இவளை வெட்டிவிட்டு அதை எடுத்தேன். யார் என்று நினைக்கிறாய், டைரியே? ராசாங்கம் பெரியப்பா! அப்பாவின் சொந்த அண்ணன்! நான் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். "பாப்பா, பேரைக் காப்பாத்திட்ட" என்றார். யார் பேரை என்று கேட்கத் தோன்றவில்லை.

மாட்டு டாக்டர் இளநகை. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மே 9

கீழ்வீட்டு நாய் ராக்கியிடம் என் மார்க்கைச் சொன்னேன். கொட்டாவி விட்டது. பல்லைப் பார்த்துக்கொண்டேன், ஈறு நல்ல சிவப்பு.

மே 11, ஞாயிறு

கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். ஒரு கட்டம் வரை குதிரை மாதிரி ஓடியது. அப்புறம் 'வகுப்பு' என்று ஒரு கேள்வி வந்தது, சாதிச் சான்றிதழ் கேட்டது. மூன்று பேரும் அந்தக் கட்டத்தையே பார்த்தோம்.

விஷயம் இதுதான். அப்பா பி.சி., அம்மா எஸ்.சி. அப்பா அப்போது சுவரெழுத்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று எழுத வந்தவர், மூன்று வார்த்தைக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார். கல்யாணத்தோடு அப்பா வீட்டில் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அம்மா வீட்டிலும் கோபித்தார்கள், ஆனால் ஒரே மாதத்தில் ஆட்டுக்கறியோடு வந்துவிட்டார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தக் கேள்விக்கு நேராக அப்பா ஒரு கோடு போட்டாராம். ரொம்ப அழகான கோடு என்று அம்மா சொல்வாள்.

இப்போது கோடு போட்டால் சீட் இல்லை. பெற்றோர் எந்தப் பக்கம் எழுதிக் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கத்துச் சான்றிதழ் கிடைக்குமாம். அப்பா பக்கம் போனால், என் கட்-ஆஃப் போன வருஷம் சீட் நின்ற இடத்துக்குக் கீழே. அம்மா பக்கம் போனால் நன்றாகவே மேலே.

நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே மாவில் நீ இட்லியா தோசையா என்று கேட்கிறார்கள்.

"நீ யோசி இளா" என்றார் அப்பா. அம்மா ஏற்கெனவே சுத்தமாக இருந்த பீரோவைத் துடைத்தாள். அவளுடைய அப்பா அம்மா படம் அந்த பீரோவுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே மாட்டினால் வெயிலில் வெளுத்துவிடும் என்பாள். எங்கள் ஹாலில் வெயிலே வராது.

மே 12

பெரியப்பா வந்தார்! நேரில், வீட்டுக்கே, ஜாங்கிரி டப்பாவோடு! கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா சௌந்தரம் வாசலுக்கே ஓடி வந்து, "ராசாங்கண்ணே, வாங்க வாங்க. தவமணி உங்க தம்பின்னு சொல்லித்தான் வீட்டையே குடுத்தேன். நம்மாளுகன்னா ஒரு தெம்புதான" என்றார். அப்பா செருப்பைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டார்.

பெரியப்பா மாடிக்கு வந்து, நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "தம்பி, நான் விசாரிச்சிட்டேன். பாப்பாவுக்கு அந்தப் பக்கத்துலயே சர்ட்டிபிகேட் வாங்கிரு. சீட்டு கையில வந்த மாதிரி."

"எந்தப் பக்கம்ணே?"

"அதான்ப்பா... அவுக பக்கம்."

"யாரு பக்கம்?"

பெரியப்பா தாடையால் அடுப்படியைக் காட்டினார். அப்பாவுக்கு இப்படிச் சில நேரம் ஒன்றுமே புரியாது.

"கமுக்கமா வாங்கிருவோம். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வர்றப்ப நம்ம பக்கத்துல பாத்துக்கலாம். சீட்டுக்கு அங்கிட்டு, கல்யாணத்துக்கு இங்கிட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

அம்மா காபி கொண்டுவந்தாள். பெரியப்பா டம்ளரைப் பார்த்தார். "சுகர் இருக்கும்மா" என்றார். பாவம், அதற்குள் அவரே வாங்கிவந்த ஜாங்கிரியில் இரண்டைத் தின்றிருந்தார். அதில் ஏறியிருக்கும்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று சந்தோஷம். எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். என் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருக்கிறது.

மே 14

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். என் ஃபிளெக்ஸை நானே டிசைன் பண்ணினேன்!

பெரியப்பா சாதிச் சங்கத்துப் பொருளாளர். சங்கத்தின் சார்பில் எனக்கு வாழ்த்து பேனர் வைக்கவேண்டுமாம், அதுவும் பால்பண்ணை முக்கில், பஸ் திரும்பும் இடத்தில். ஆர்டர் எங்கள் கடைக்கே வந்தது. லீவில் கம்ப்யூட்டரில் உட்காருவது நான்தான். என் பாஸ்போர்ட் போட்டோவில் தலையை வெட்டி, பின்னால் சூரியக் கதிர் வைத்து, 'எங்கள் குலவிளக்கே!' என்று எனக்கே நான் எழுதினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கீழே வட்டவட்டமாக வாழ்த்தும் தலைகள், மொத்தம் முப்பத்தாறு. அதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அப்பாவின் தலை கடைசி வட்டம். அம்மாவின் போட்டோ கொடுக்கவில்லை, மறந்துவிட்டார்கள் போல.

பெரியப்பா பின்னால் நின்று பார்த்தார். "முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடு பாப்பா. வெயில்ல கருத்துத் தெரியுது."

கலர் கூட்டினேன். இன்னும் என்றார். இன்னும் கூட்டினேன். கடைசியில் அது நானில்லை, மூக்கு மட்டும் நான்.

மே 15

ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது! பஸ்ஸிலிருந்து ஒரு பையன் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனான். சௌந்தரம் அம்மா தூக்குவாளி நிறையப் பாயசம் கொடுத்துவிட்டார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே, அம்மா உடனே முறுக்குப் பிழிந்து நிரப்பிக் கொடுத்தாள். இந்தத் தூக்குவாளி ஆறு வருஷமாக மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறது, ஒரு தடவைகூடக் காலியாக நடந்ததில்லை.

மே 16

முத்துக்காளை மாமா கடைக்கு வந்தார். மாமா எப்போதும் கடைக்குத்தான் வருவார், வீட்டுக்கு வரமாட்டார். "கடையிலதான் ஏசி இருக்கு" என்பார். ஏசி போன வருஷமே ரிப்பேர்.

வழியில் ஃபிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். முகம் இஞ்சி தின்ற மாதிரி இருந்தது.

"மச்சான், யார் வீட்டுக் குலவிளக்கு?" என்றார் அப்பாவிடம்.

"கஸ்டமர் கொண்டாந்தாரு, அடிச்சேன்."

"இவ வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீரு தூக்கிட்டு வந்தவன் நானு. வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதுன்னு இந்தக் கடையில வச்சு மாலை போட்டேன். பேப்பர் கட்டிங்கு நடுவுல ஒக்காந்திருந்துச்சு புள்ள. அப்ப எங்க போனாய்ங்க இந்த முப்பத்தாறு தலையும்?"

அப்பா ஆர்டர் நோட்டை எடுத்து, "எத்தனைக்கு எத்தனை அடி?" என்றார்.

"அதைவிட ஒரு அடி கூட."

நான் மறுபடி டிசைனில் உட்கார்ந்தேன். 'எங்கள் வீட்டுப் பெண்ணே!' நீல பார்டர். மேல் மூலையில் கோட் போட்ட அண்ணல் அம்பேத்கர். கீழே மாமா, மாமாவின் தெரு இளைஞர் மன்றம், நடுவில் பெரிதாக அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம். "கலர் தூக்கவா மாமா?" என்றேன். "எதுக்கு? நல்லாத்தான இருக்க" என்றார்.

அப்பா பெரியப்பாவுக்குச் சாதா ஃபிளெக்ஸில்தான் அடித்தார். மாமாவுக்கு மட்டும் ஸ்டார் ஃபிளெக்ஸ் ரோலைப் பிரித்தார், வெயில் மழைக்கு வெளுக்காத ரகம். அவசரத்தில் ரோல் மாறியிருக்கும்.

மே 17

பால்பண்ணை முக்கில் இரண்டு நான். இந்தக் கம்பத்தில் வெள்ளை இளநகை, எதிர்க் கம்பத்தில் கறுப்பு இளநகை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் டீக்கடையில் ஊரே நிற்கிறது.

கமுக்கமாக வாங்குவதாகப் பெரியப்பா போட்ட திட்டம் அம்பேல். போனில் அப்பாவைக் காய்ச்சி எடுத்தார், எனக்கே கேட்டது. "ஏன்டா அடிச்சுக் குடுத்த? ஒரு வார்த்தை முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஆர்டர் வந்தா அடிக்கணும்ணே. தொழிலு" என்றார் அப்பா. போனை வைத்துவிட்டு விசிலடித்தார். அவர் விசிலடித்து நான் கேட்டதே இல்லை.

அம்மா மட்டும் டியூட்டி முடிந்து முக்கு வழியாக வராமல் குளத்தங்கரையைச் சுற்றி வந்தாள். கால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். கால் வலித்தால் ஏன் சுற்றி வரவேண்டும்?

மே 18

நேற்றுக் காலையில் அம்மா பணியாரம் போட்டுத் தூக்குவாளியில் கீழே கொடுத்துவிட்டிருந்தாள். இன்று அது திரும்பி வந்தது. நன்றாக விளக்கி, பளபளவென்று, காலியாக. படிக்கட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சௌந்தரம் அம்மா மறந்திருப்பார், வயசாகிறது.

அம்மா அதைத் துடைத்துப் பரணில் போட்டாள்.

மே 20

முடிவெடுத்துவிட்டேன். இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, அவ்வளவு நல்ல முடிவு.

தர்ஷிகாவும் கால்நடைக்குத்தான் போடுகிறாள். நான் அம்மா பக்கம் போனால் அவளுடைய வரிசையில் நிற்பேன். நான் இங்கிலீஷ் மீடியம், டியூஷன், ஏசி இல்லாவிட்டாலும் ஃபேனாவது உண்டு. அவள் வீட்டில் மழைக்குப் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவேண்டும். அவளுக்கு முன்னால் போய் நான் நின்று அவள் சீட்டைப் பறிப்பதா? மாட்டேன்! அப்பா பக்கமே எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லையென்றால் விலங்கியல் படிப்பேன். தவளை அறுப்பேன். தியாகி இளநகை.

வியாழக்கிழமை அவள் ஊருக்குப் போய் நேரில் சொல்லப்போகிறேன். அழுதுவிடுவாள். கைக்குட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 22, வியாழன்

கைக்குட்டை எனக்குத்தான் பயன்பட்டது.

தர்ஷிகா கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். நான் திண்டாடித் திணறி, ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. விக்கல் வரும்வரை சிரித்தாள். தவிட்டுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் தவிடாகி, மறுபடி சிரித்தாள்.

"ஏண்டி, எம் மார்க்கு என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கு நிஜமாகவே தெரியாது. ரிசல்ட் வந்து இரண்டு வாரமாகிறது, நான் கேட்கவே இல்லை.

சொன்னாள். கட்-ஆஃப் என்னுடையதைவிட மூன்றரை கூட.

தவிட்டுச் சட்டியைக் கோழிகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தேன். வெட்டிட்டுப் போயிட்ட. சரி, திரும்பக் கூப்புடுவேன்னு இருந்தேன்."

"உனக்கு ஃபிளெக்ஸ் வைக்கலையே" என்றேன். இதைப் போய்ச் சொல்வேனா? சொன்னேன்.

"ஒன்னய அவிங்க தூக்கிட்டுப் போயிட்டாய்ங்கன்னு எங்கப்பாவுக்கு ரோசம், அதான் ஃபிளெக்சு. என்னய யாரு தூக்கிட்டுப் போகப்போறா? அதான் எனக்கு இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம். எனக்கு முன்னால் அவள் நிற்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லையே. பெரியப்பாவுக்குச் சுகர் என்றால் எனக்கு என்ன வியாதி? மூக்கு மட்டும் அவருடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை. "நீ விட்டுக்குடுத்து எனக்கு ஒண்ணும் வரவேணாம். என்ன, எங்க வரிசைக்கு வர்றதுக்கு ஒனக்குக் கூச்சமா? அதுக்குத் தியாகம்னு பேரு வச்சிட்டியா?"

"இல்லடி. நீ இல்லைன்னாலும் வேற ஒருத்தி இருப்பாள்ல? எனக்குப் பின்னாடி, எனக்கிருந்த வசதி எதுவும் இல்லாம."

தர்ஷிகா யோசித்தாள். "இருப்பா. இல்லைங்கல. நீ டியூஷன் போனதும் நெசந்தான். அதுக்காகப் பொது வரிசையில முன்னாடி நிக்கிற பயலுக யாராச்சும் திரும்பிப் பாத்துட்டு ராத்திரி டைரி எழுதுறாய்ங்களா? நீ திரும்பிப் பாரு, வேணாங்கல. பாத்தா என்ன ஏதுன்னு கேளு. கேக்காமலே பாவம் பாக்காத."

அத்தை கறிவேப்பிலை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அழுதுகொண்டே மூன்று தடவை சோறு வாங்கினேன்.

மே 23

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தர்ஷிகா மார்க் அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். "ஏம்மா சொல்லல?" என்றேன். "நீயா கேப்பேன்னு பாத்தேன்" என்றாள்.

"அம்மா, எனக்கு அது நியாயமா? நீ கவர்மெண்ட் நர்ஸ். எனக்கு என்ன குறை?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "போன மாசம் வார்டுல ஒரு பெருசு. ஊசியோட போறேன், 'எந்தூரு, எந்தத் தெரு'ங்கிறாரு. தெருவைச் சொன்னேன். வேற நர்ஸ் வரட்டும்னு கையை மடக்கிக்கிட்டாரு. சம்பளச் சீட்டையா காட்ட முடியும்?" அப்பாவின் சட்டையை உதறினாள். "ஆனா நீ கேக்குறதும் சரிதான். எனக்கு நடந்தது ஒனக்கு நடக்கலை. ஏன் நடக்கலை? நான் மறைச்சு வச்சேன், அதான். எந்தம்பிய இந்தப் படி ஏறவிடலை. எங்கப்பன் ஆத்தா படத்தைப் பூட்டி வச்சேன். வீடு கெடைக்கணும்னு, ஒனக்கு நல்லா இருக்கணும்னு. எனக்கு அதை நெனைச்சா இப்பவும் அசிங்கமா இருக்கு இளா."

அம்மா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"சீட்டுக்காக எம் பக்கம் வராத. அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு ஒங்க பெரியப்பா சொன்னாருல்ல, அது மட்டும் வேணாம். எடுத்தா எல்லாத்துக்கும் எடு. வீடு தேடுறப்ப, கல்யாணம் பேசுறப்ப, எவனாவது எந்தத் தெருன்னு கேக்குறப்ப. முடியும்னா எடு. முடியாதுன்னா ஒங்கப்பா பக்கமே எழுதிக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். தாத்தாவுக்கு எனக்கிருக்கும் அதே கலர், அதே நெற்றி. ஹாலில் ஆணி இல்லை. அப்பா கடையிலிருந்து சுத்தியலோடு வந்து, அடித்து, மறுபடி அதே கட்டைவிரலில் போட்டுக்கொண்டார்.

மே 28

சான்றிதழுக்கு மனு போட்டிருந்தோம், வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். வாசலில் நின்றே எழுதினார். சௌந்தரம் அம்மாவைக் கூப்பிட்டு, "இவங்களைத் தெரியுமாம்மா?" என்றார்.

"ஃபிளெக்சைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் அந்த அம்மா.

வி.ஏ.ஓ. தலையைச் சொறிந்தார். "நானும் ரெண்டையும் பாத்தேன். எது பாப்பா நெசம்?"

"ரெண்டுமே எங்கப்பா அடிச்சதுதான் சார்."

"அது சரி. எனக்கு எழுதுறதுக்கு ஒரு எடந்தான இருக்கு."

அம்மா கதவுக்கு உள்ளேதான் நின்றாள். பழக்கம். நான்தான் படியில் இறங்கி, ராக்கிக்கும் கேட்கும்படி சொன்னேன். "எங்கம்மா பக்கம் சார். எஸ்.சி." ராக்கி வாலை ஆட்டியது. அம்மா படியிறங்கி வந்து என் முதுகில் கை வைத்தாள், சில்லென்று வியர்த்திருந்தது.

ஜூன் 4

சான்றிதழ் வந்துவிட்டது. விண்ணப்பம் போட்டாயிற்று. சௌந்தரம் அம்மாவின் மகன் சென்னையிலிருந்து வருகிறானாம், மாடி வேண்டுமாம், காலி பண்ணச் சொல்கிறார். அவருக்கு மகள் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 7

வீடு தேடுகிறோம். எல்லாத்துக்கும் எடு என்றாளே அம்மா, முதல் பாடம் சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டு வீட்டில் "நீங்க..." என்று இழுத்தார்கள். அம்மா தயங்கினாள், நான் சொன்னேன். இரண்டு வீட்டிலும் அவர்களுடைய மகன்கள் சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். சென்னையே காலியாகிவிடும் போலிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது! ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சின்ன வீடு, பெரிய வேப்பமரம். மாமா வாழைத்தார் வண்டியைக் கொண்டுவந்தார். பீரோவைத் தூக்க மாடிப்படி ஏறினார். எங்கள் வீட்டுப் படியை மாமா மிதித்தது இதுதான் முதல் தடவை. காலி பண்ணுவதற்கு.

ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "நல்ல வீடுதான்க்கா" என்றார். அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பீரோவைத் தூக்கினார்கள். தர்ஷிகா பரணில் ஏறித் தூக்குவாளியை எடுத்து, "இது யாருது?" என்றாள். அம்மா அதில் சர்க்கரையை நிரப்பி, கீழ்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே.

வண்டி பால்பண்ணை முக்கைத் தாண்டியது. வெள்ளை இளநகை வெயிலில் உரிந்து, மூக்குகூட இல்லை. கறுப்பு இளநகை அப்படியே பளபளவென்று சிரித்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தேன். டீக்கடைக்காரர் திருப்பி அடித்தார்.

ஜூலை 9

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! தர்ஷிகாவுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி, எனக்கு ஒரத்தநாடு! மாமா மறுபடி ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டினார். கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தர்ஷிகாவுக்கு ஃபிளெக்ஸ் டிசைன் பண்ணினேன், ஸ்டார் ஃபிளெக்ஸ், இரண்டு அடி கூட. கீழே வாழ்த்தும் தலைகளில் கடைசி வட்டம் நான். கலர் தூக்கவில்லை. பெரியப்பா மட்டும் இன்னும் போன் பண்ணவில்லை. சுகர் குறைந்ததும் பண்ணுவாராக இருக்கும்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. காலையில் கவுன்சிலிங்கில் சான்றிதழ் சரிபார்க்க ஒரு நீளமான வராந்தாவில் வரிசை வரிசையாக நின்றோம். தர்ஷிகா, அவள் பின்னால் நான், பக்கத்தில் அம்மா. ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டபடி மகளோடு வந்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். எங்கள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "இது... எந்த வரிசைங்க?" என்றார். தர்ஷிகாவுக்கு முன்னால் நின்றவர்கள் போனைப் பார்த்தார்கள். ஒருவர் கையை மட்டும் லேசாக அசைத்தார்.

"இதுதாண்ணே எஸ்.சி. வரிசை!" என்றாள் அம்மா. வராந்தா முழுக்கக் கேட்டது. கடைசி ஜன்னலில் இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க, இங்கிட்டு வாங்க. ஏன் மெதுவாக் கேக்குறீக?"

நான் வாயைப் பிளந்து அம்மாவையே பார்த்தேன்.

"என்னடி பாக்குற?" என்றாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் முன்னாடி தள்ளி நில்லு. பின்னாடி ஆளு வருதுல்ல."

தள்ளி நின்றேன். அப்புறம் திரும்பி, அந்தப் பெண்ணிடம் பேரைக் கேட்டேன். மார்க்கையும் கேட்டேன்.